கொழுந்தன் என்று பெயர் வைத்த பல்பு

பொருளைத் திருடியவன் பொருளைத் திருப்பித் தரலாம். ஒருத்திக்குத் தன் கண்மேல் இருந்த நம்பிக்கையைத் திருடியவன் எதைத் திருப்பித் தருவான்? பல்லக்காவின் வாழ்க்கை கேட்ட கேள்வி இது. அவள் அதற்குப் பதில் தேடிய விதத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் தேடினாள்.

அவள் பல் செய்கிறவள். அதனால்தான் தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்குப் பொருந்தச் செராமிக்கில் பல் செய்து கொடுப்பது லேப்பின் வேலை. லேப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. படியேறினால் நீளமாக ஓர் அறை. வாசல் பக்கம் பல்லின் வடிவத்தைச் செதுக்கும் மெழுகு மேசை, நடுவில் பற்களைச் சுடும் அடுப்பு, கடைசியில் ஜன்னலோரம் நிறம் பார்க்கிற நாற்காலி. அவளுடைய கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து தொடங்கியது. கணவர் ஸ்கூட்டரில் டப்பாக்களை எடுத்துப்போய்க் கொடுத்து வாங்கி வருவார். கொழுந்தன் உலோக வேலையைப் பார்ப்பான், டாக்டர்களிடம் இனிக்க இனிக்கப் பேசுவான். ஜன்னலோர நாற்காலி பல்லக்காவுடையது.

வெள்ளை என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறோம். அவளுக்கு அதற்குள் ஒரு ஊரே இருந்தது. டீ குடிக்கிறவர்களின் வெள்ளை, புகை பிடித்து விட்டவர்களின் வெள்ளை, காய்ச்சலில் மருந்து தின்று வளர்ந்த பிள்ளைகளின் சாம்பல் கலந்த வெள்ளை. மாதிரிப் பற்களை வரிசையாகக் குத்தி வைத்த அட்டை ஒன்று எல்லா லேப்பிலும் இருக்கும். அவள் அதைக் கையில் எடுத்தால், மற்றவர்கள் பார்த்துச் சொல்வதற்குள் பவுடரைக் குழைக்கத் தொடங்கியிருப்பாள்.

கர்வமும் இருந்தது. மற்ற லேப்களில் செய்து முடித்த பல்லை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒருமுறை பார்ப்பது வழக்கம். பல்லக்கா போகமாட்டாள். "படியிறங்கிப் பாக்குறவன்லாம் கண்ணை இரவல் வாங்கி வேலை செய்யுறவன்" என்பாள். இதைக் கொழுந்தன் காதில் விழும்படி சொல்வாள். அவனும் ஒரு காலத்தில் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டு, பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கியவன்தான். ஒவ்வொரு தடவையும் அவள் மெழுகு மேசையிலிருந்த பெண்களைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் பத்திரமாக வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து மனையில் ஒரு கட்டடம் எழுந்து ஜன்னலை அடைத்துவிட்டது. பகலிலேயே விளக்கு போட வேண்டியதாயிற்று. பழைய டியூப் லைட் ஒரு நாள் கண்சிமிட்டிச் செத்ததும் கொழுந்தன் புது பல்பு ஒன்றோடு வந்தான்.

"ஸ்மார்ட் பல்பு அண்ணி. ஃபோன்லயே போடலாம், அணைக்கலாம், வெளிச்சத்தைக்கூட மாத்தலாம்."

"எந்திரிச்சு சுவிட்ச் போட முடியாத அளவுக்கு இங்க யாருக்குத் தம்பி கால் போச்சு?"

"காலம் மாறுது அண்ணி. மலிவா கிடைச்சுது, வாங்கிட்டேன்."

வெளிச்சம் நன்றாக, வெள்ளையாகத்தான் இருந்தது. அவள் வேலையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு பற்கள் திரும்பி வரத் தொடங்கின. பக்கத்துப் பல்லோடு ஒட்டவில்லை, லேசாகப் பச்சை அடிக்கிறது, வாயைத் திறந்தால் அந்த ஒரு பல் மட்டும் தனியாகத் தெரிகிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். முதல் பல் திரும்பியபோது அவள் டாக்டரைத் திட்டினாள். அடுத்ததற்குப் பவுடர் கம்பெனியைத் திட்டினாள். அதன்பின் திட்ட ஆளில்லாமல் தன்னையே பார்க்கத் தொடங்கினாள். தன் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கொஞ்சம் வெளிறலாகச் செய்து பார்த்தாள். அது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறதென்று திரும்பியது. மறுபடி மஞ்சள் கூட்டினாள். அதுவும் திரும்பியது. ஒரு நாள் சரியாக இருந்த கண் மறுநாள் பொய் சொல்லியது. வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்திருந்தால் பாதி விஷயம் அன்றே வெளுத்திருக்கும். ஆனால் இத்தனை வருஷம் பேசிய வாய் காலைக் கட்டிப்போட்டது.

"வயசாச்சுல்ல. ஒத்துக்க. கண்ணு என்ன ஸ்கூட்டர் டயரா, தேஞ்சா மாத்திக்க?" என்றார் கணவர். அவர் தமாஷாகத்தான் சொன்னார். அவள் அன்று சாப்பிடவில்லை.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, லேசாகப் புரை தொடங்கியிருக்கிறது, இந்த வயதில் பலருக்கும் இருப்பதுதான் என்றார். "இப்பவே செய்யணும்னு இல்லை. உங்க தொழிலுக்கு இடைஞ்சலா இருந்தா செஞ்சிடலாம்." இடைஞ்சலாகத்தான் இருக்கிறது என்று சொல்லி ஆபரேஷனுக்கு ஒரு தேதி வாங்கி வந்தாள்.

கொழுந்தன் ரொம்பப் பரிவாகப் பேசினான். "யாரும் உங்களைப் போகச் சொல்லலை அண்ணி. மெழுகு மேசையில உக்காருங்க. அங்க நிறம் பாக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தை நான் பாத்துக்குறேன்." அவள் தலையாட்டினாள். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு மறுநாளிலிருந்து மாறுவது என்று பேச்சு.

அந்தக் கடைசி நாளில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்ததும் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி ஈரத்தை உதறுவது அவள் பழக்கம். வழக்கமாக அடுத்த பவுடரைப் பார்த்துக்கொண்டே சுண்டுவாள். அன்று மனம் வேலையில் இல்லாததால் பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை முடி வைத்த பிரஷ். காற்றில் அது ஓடிய வழியில் ஓர் ஓரம் சிவப்பாகவும் ஓர் ஓரம் நீலமாகவும் தெரிந்தது. மறுபடி சுண்டினாள். மறுபடியும் சிவப்பு, நீலம், நடுவில் பச்சையாக ஒரு கீற்று. கண் கெட்டால் மங்கும். இப்படிப் பிரித்துக் காட்டாது.

இன்னொரு முறை சுண்டினாள். இப்போது வெறும் வெள்ளை.

திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் கொழுந்தன் பக்கவாட்டில் திரும்பி நின்று ஃபோனில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் கண்ணை எடுக்காமல் சுண்டிக்கொண்டே இருந்தாள். அவன் விரல் நகர்ந்தது. பிரஷ்ஷின் பின்னால் சிவப்பும் நீலமும் வந்தன.

கத்தியிருக்கலாம். கணவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். கண் போனவள் பிரஷ்ஷில் வானவில் பார்க்கிறாள் என்று சிரித்திருப்பார்கள். அவள் பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து, முடியைக் கூர்செய்து, உறையில் போட்டாள். மறுநாள் மெழுகு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். ஆபரேஷன் தேதியன்று வீட்டில் துணி துவைத்தாள்.

அவளுக்கு அவன் அடிபட்டுச் சாக வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. தான் பட்டதை அதே வரிசையில், ஒன்று விடாமல், அவன் பட வேண்டும் என்று தோன்றியது. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குப் பசித்தது.

லேப்புக்கு எதிரே ஒரு பெண் மொபைல் கடை வைத்திருந்தாள். உடைந்த ஃபோனைப் பிரிப்பதும் வாயாடுவதும் அவளுக்கு ஒரே வேலை. பல்லக்கா மத்தியானம் கடை காற்று வாங்கும் நேரத்தில் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அட, பாவி மனுஷா!" என்றாள் கடைக்காரி. பிறகு விளக்கினாள். "அந்த மாதிரி பல்புல ரெண்டு வகை இருக்குக்கா. வெள்ளையாவே எரியுறது ஒண்ணு. சிவப்பு, பச்சை, நீலம் மூணும் சேந்து எரிஞ்சு வெள்ளை மாதிரி காட்டுறது இன்னொண்ணு. வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியும். நம்ம கண்ணுக்கு வெள்ளைதான். ஆடுற பொருள்லதான் பிரிஞ்சு தெரியும்."

பல்லக்காவுக்கு மிச்சம் புரிந்துவிட்டது. மூன்று நிறம் கூடிச் செய்கிற அந்த வெள்ளைக்குக் கீழே, வேறு வேறு பவுடரில் செய்த இரண்டு பற்கள் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரியும். வெயிலுக்குப் போனால் பங்காளிகள்கூட இல்லை. இவ்வளவையும் யோசித்துச் செய்கிற புத்தி கொழுந்தனுக்குக் கிடையாது. ஃபோனில் பல்பின் ஆப்பை நோண்டும்போது ஒரு பல் திரும்பி வந்திருக்கும். சந்தேகப்பட்டு இன்னொரு முறை நோண்டியிருப்பான்.

"பல்ப மாத்திட்டியா?"

"கொழுந்தனே மாத்திட்டாரு. நாற்காலிக்கு வந்ததும் சாதா பல்பு போட்டுக்கிட்டாரு. பழசு டிராயர்ல கெடக்கு."

"திருடன்தான் பூட்டு நல்லதா வாங்குவான். சரி, உனக்கு என்ன வேணும்?"

"அந்த பல்பு அவரு தலைக்கு மேல இருக்கணும். என் பேச்சைக் கேக்கணும். அவரு ஃபோன்ல தெரியவே கூடாது."

கடைக்காரி பல்லைக் காட்டினாள். கம்பெனி ஒவ்வொரு பல்புக்கும் உள்ளே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறது. அதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். பாடம் கம்பெனியுடையதாக இருக்கும்வரை பல்பு கம்பெனியின் ஆப்பைப் பார்த்துக் கைதூக்கும். அதை அழித்துவிட்டு வேறு பாடத்தை ஏற்றலாம். விஷயம் தெரிந்தவர்கள் எழுதி இனாமாகவே கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஏற்றுவதற்கு பல்பைத் திறக்க வேண்டும். அதுதான் சிக்கல், பாதிப் பேர் அங்கேயே உடைத்துவிடுவார்கள் என்றாள்.

"திறக்குறதை என்கிட்ட விடு" என்றாள் பல்லக்கா.

முதலில் அதே மாதிரி வேறொன்றை வாங்கிப் பழகினார்கள். பல்லக்கா மெழுகுக் கத்தியைச் சூடுபண்ணி, மேலே இருக்கிற வெள்ளை மூடியைச் சுற்றிலும் ஓட்டி, முட்டை ஓட்டை உரிப்பது போல எடுத்தாள். உள்ளே நகத்தளவு பலகை. அதில் கடுகு போன்ற புள்ளிகளில் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்தாள்: மின்சாரத்துக்கு இரண்டு, பேச ஒன்று, கேட்க ஒன்று. கடைக்காரி அவற்றைக் கம்ப்யூட்டரில் செருகினாள். கரண்ட் கூடுதலாக ஏறி, புகைகூட விடாமல் பல்பு செத்தது.

"எழவு விழுந்துருச்சு" என்றாள் கடைக்காரி.

"அது ஒத்திகை. அசலுக்கு ஒழுங்கா இரு" என்று பல்லக்கா அடுத்ததை நீட்டினாள். டிராயரிலிருந்து எடுத்து வந்த அதே பல்பு. தன்னை ஏமாற்றிய அதுதான் வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். இந்த முறை கடைக்காரி வோல்ட்டை இரண்டு தரம் பார்த்தாள். ஒரு புள்ளியைக் கம்பியால் தொட்டுக்கொண்டே கரண்ட் கொடுத்தால்தான் பல்பு புதுப் பாடத்துக்குக் காது கொடுக்குமாம். பல்லக்கா தொட்டுக்கொண்டிருந்தாள். பல்லின் குழிக்குள் ஊசிமுனை பிரஷ் நுழைக்கிற கை; அசையவில்லை. திரையில் எண்கள் ஓடி நூறில் போய் நின்றன.

"ஏறிடுச்சுக்கா. இனிமே இது யாருக்கும் மருமகன் இல்ல, உனக்கு மட்டும்தான். ஒரு பேரு வைக்கணும். என்ன வைக்க?"

"கொழுந்தன்னு வை."

கடைக்காரி சிரித்த சிரிப்பில் ஒரு வாடிக்கையாளர் உள்ளே வராமலே திரும்பிப் போனார்.

இன்னொரு வேலை மிச்சமிருந்தது. கொழுந்தன் மேலே நிமிர்ந்து பார்த்தால் அங்கே சாதா பல்புதான் தெரிய வேண்டும். அவன் போட்டிருந்ததைப் போலவே ஒன்றை வாங்கி, மூடியைக் கழற்றி இதில் வைத்து, விளிம்பைச் செராமிக் தேய்க்கிற கல்லால் தேய்த்து, பழைய எழுத்துகளை அழித்து, சாதா பல்புக் கம்பெனியின் பெயரை ஊசிமுனை பிரஷ்ஷால் எழுதினாள். பொய்ப் பல்லை நிஜப் பல் நடுவில் ஒளித்து வைப்பதுதானே அவள் தொழில். காலையில் லேப்பைத் திறப்பது அவள் பொறுப்பு. ஒரு நாள் திறந்ததும் நாற்காலி மேல் ஏறி பல்பை மாற்றினாள். வாசலில் நின்று பார்த்துவிட்டு, மெழுகைக் காய்ச்சப் போனாள்.

அதன்பின் வந்த மாதங்களைப் போல அவள் எந்த வேலையையும் ரசித்துச் செய்ததில்லை. இடதுகையில் மெழுகு, மேசைக்குக் கீழே மடியில் ஃபோன். கொழுந்தன் பவுடர் குழைக்கும்போது வெளிச்சத்தை மாற்ற விரலால் ஒரு தள்ளு. டப்பாவை மூடும்போது மறுபடி ஒரு தள்ளு. சில நாள் அவனை நிம்மதியாக விட்டாள். இல்லாவிட்டால் வலிப்பது தெரியாது. பற்கள் திரும்பி வந்தன. கொழுந்தன் டாக்டரைத் திட்டினான். பவுடர் கம்பெனியைத் திட்டினான். வரிசை பிசகவே இல்லை.

ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தான். "லைட்டு சரியில்லையோ?"

"சாதா பல்புதானே தம்பி. எரியுது, இல்லைன்னா எரியாது. அதுல என்ன சரி, தப்பு?"

அவன் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். ஃபோனை எடுத்து ஆப்பைத் திறந்தான். அதில் ஒன்றுமில்லை. நாற்காலியில் ஏறி பல்பைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவள் எழுதிய எழுத்துகளை வாசித்துவிட்டு மறுபடி மாட்டினான். அவள் மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லின் குழியைச் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

அவனும் படியிறங்கவில்லை. ஒருமுறை பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தான். மெழுகு மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் புருவத்தை உயர்த்தினாள். அவன் வெளியே தெருவைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

"உனக்கும் வயசாகுதுடா தம்பி. ஒத்துக்க. கண்ணு என்ன ஸ்கூட்டர் டயரா?" என்றார் கணவர் டப்பாக்களை இறக்கி வைத்துக்கொண்டே. பல்லக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கொழுந்தன் சிரிக்கவில்லை. அவன் இளைத்திருந்தான். டாக்டர்களிடம் பேசும்போது குரல் இறங்கிப்போயிருந்தது. அடிக்கடி ஒரு கண்ணை மூடி மாதிரிப் பற்களைப் பார்ப்பான், பிறகு மற்றதை மூடிப் பார்ப்பான். அவளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருக்கும் தெரியாமல்.

கடைக்காரிக்கே ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது. "போதும்க்கா. ஆளு பாதியாயிட்டாரு. உண்மையைப் போட்டு உடைச்சிட்டு உன் நாற்காலிய வாங்கிக்க."

"இன்னும் முடியலை" என்றாள் பல்லக்கா. அவள் கண்ணில் தெரிந்ததைப் பார்த்துக் கடைக்காரி பிரித்து வைத்த ஃபோனுக்குத் திரும்பினாள்.

பிறகு அதுவும் வந்தது. அதே கண் டாக்டர், அதே லேசான புரை, அதே கேள்வி. இடைஞ்சலாகத்தான் இருக்கிறது என்று கொழுந்தனும் சொல்லித் தேதி வாங்கி வந்தான். வந்து மெழுகு மேசைக்கு எதிரே உட்கார்ந்தான்.

"உங்களுக்கும் தேதி குடுத்தாங்களே அண்ணி. நீங்க ஏன் போகலை?"

"பயம்."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றான். முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "நான் ஒண்ணு சொல்லணும் அண்ணி..." என்று தொடங்கி, சொல்லாமல் எழுந்து போனான். அவள் காத்திருந்தாள். அவன் திரும்பி வரவில்லை. அதை மட்டும் அவன் சொல்லியிருந்தால் என்ற நினைப்பு அவளுக்கு வந்ததா என்று தெரியாது.

ஆபரேஷன் நாள் காலை. கீழே வாசலில் கணவர் ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்திருந்தார். கொழுந்தன் சாவியை வைக்க உள்ளே வந்தான்.

"தம்பி, ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றாள் பல்லக்கா.

நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் செய்து, ஒட்டவில்லை என்று முந்தின நாள் திரும்பிய பல்லையும், அதற்குரிய மாதிரிப் பல்லையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவள் தன் ஃபோனில் விரலை நகர்த்தினாள். அறை மாறியது போலவே தெரியவில்லை. ஆனால் உள்ளங்கையில் இருந்த பல் பச்சைக் காய் போலத் தனியே பிரிந்து நின்றது. மறுபடி நகர்த்தினாள். ஒன்றாயின. மறுபடி. பிரிந்தன.

கொழுந்தன் நிமிர்ந்து பல்பைப் பார்த்தான். பிறகு அவள் நீட்டிய ஃபோனைப் பார்த்தான். வெள்ளைப் பக்கத்தில் ஒரு கோடு, கோட்டில் ஒரு புள்ளி, மேலே தடித்த எழுத்தில் கொழுந்தன் என்ற பெயர். அவன் முகம் காது வரை சிவந்தது.

வெளியே ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. "டேய், நேரமாகுதுடா!"

"கண்ணுல ஒண்ணுமில்ல. போறதுன்னா போங்க, உங்க இஷ்டம்" என்றாள் பல்லக்கா.

அவன் போகவில்லை. எழுந்து, நாற்காலியை விட்டு விலகி, சுவரோரம் நின்றான். அவள் மேலே ஏறி எரிந்துகொண்டிருந்த பல்பை முந்தானையால் பிடித்துக் கழற்றினாள். அறை இருண்டது. புது டியூப் லைட் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை இருவரும் பார்த்தார்கள். அவள் அதை எடுக்கவில்லை. பல்பை ஆறவைத்து, தேய்த்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, திரும்ப அதே இடத்திலேயே திருகினாள்.

பிறகு கை நீட்டினாள். "உங்க ஃபோனைக் குடுங்க."

கொடுத்தான். கடைக்காரி சொல்லிக்கொடுத்தபடி பல்பின் பக்கத்தை அதில் திறந்தாள், கடவுச்சொல்லைப் போட்டாள், சரியாக வேலை செய்கிறதா என்று ஒருமுறை நகர்த்திப் பார்த்தாள். தன் ஃபோனில் இருந்ததை அழித்தாள். அவன் ஃபோனை அவன் கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை மடக்கி விட்டாள்.

"அண்ணி, இது எதுக்கு..."

அதையே கடைக்காரியும் பின்னாளில் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். "மன்னிச்சிட்டியா, இல்ல இன்னும் கொல்றியாக்கா?" என்றுகூடக் கேட்டாள். "பவுடர் காயுது, போடி" என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

பல்லக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். உறையிலிருந்து பிரஷ்ஷை எடுத்தாள். தண்ணீரில் நனைத்து, அவன் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, நிறம் பிரிகிறதா என்று பார்க்க மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினாள்.